பூசணம் பிடித்த புடவையும் பழி சுமந்த தறியும்

நெடுநாள் கழித்து நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். பீரோவில் பட்டுப் புடவை வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும். பட்டு நெய்யும் வீடுகளுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

போன ஐப்பசியில் என் தங்கை மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். வளைகாப்புக்குக் கட்டலாம் என்று கல்யாணப் புடவையை எடுத்திருக்கிறாள். மடிப்பு மடிப்பாக வெள்ளைப் பூசணம். முந்தானை ஜரிகை கறுத்துக் கிடக்கிறது. பெட்டியைத் திறந்ததும் ஒரு முடை நாற்றம். "மாமா, நம்ம ஊர்ப் பட்டுன்னு பெருமையாச் சொன்னீங்களே, உங்க மாணவர் நெய்ததுதானே, மூணு வருஷம்கூடத் தாங்கலையே" என்று அழாத குறையாகப் பேசினாள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் கண் கலங்கியதும் எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. அடுத்த நிமிடமே சைதாப்பேட்டையில் இருக்கும் அந்த மாணவனுக்குப் போன் போட்டு, "என்னப்பா நெய்து கொடுத்தாய்?" என்று கேட்டேன். கேட்ட தொனி இன்னும் என் காதில் இருக்கிறது. வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாதவனைக் கேட்கிற தொனி. அவனுக்கு இப்போது 45 வயது. "சார், புடவையை எடுத்துட்டு வரச் சொல்லுங்க, பாக்கறேன்" என்று மட்டும் சொன்னான்.

அடுத்த வாரம் புடவை வந்தது. என் வீட்டுத் திண்ணையில் விரித்து இரண்டு பேரும் பார்த்தோம். மூடி வைத்த இடத்தில் ஓதம் எப்படி வேலை செய்கிறது என்று முப்பது வருடம் அறிவியல் நடத்திய எனக்கு அன்றைக்கு அவன் பாடம் எடுத்தான்.

பூசணம் புடவை முழுக்க இல்லை. இடுப்பில் சொருகும் பகுதி, தோளில் மடிப்பு விழும் இடம், முந்தானையின் ஒரு மூலை, இவ்வளவுதான். உடலில் இன்னும் கட்டாத ரவிக்கைத் துணி அதே பெட்டியில் சுத்தமாக இருந்தது. "சார், தறியில ஓதம் இருந்து பிடிச்சிருந்தா முதல் மழைக்காலத்துலயே தெரிஞ்சிருக்கும். இது வேர்வை பட்ட இடத்துல மட்டும் இருக்குது" என்றான். தங்கை மகளிடம் விசாரித்தேன். முகூர்த்தம் முடிந்து, வேர்வையும் சந்தனமும் மல்லிகைப்பூ ஈரமுமாக இருந்த புடவையை அன்று இரவே மடித்து, கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையிலேயே போட்டு, அட்டைப் பெட்டியில் வைத்து, நாலு பாச்சா உருண்டையும் போட்டு, இரும்பு பீரோவின் அடித்தட்டில் வைத்திருக்கிறார்கள். அந்த பீரோ குளியலறைச் சுவரை ஒட்டி நிற்கிறது. மூன்று வருடமாக யாரும் அதை வெளியே எடுக்கவில்லை. எல்லாமே அக்கறையோடு செய்ததுதான், அதுதான் வேடிக்கை. பத்திரமாக இருக்க வேண்டும் என்று எத்தனை மூடி போட முடியுமோ அத்தனையும் போட்டிருக்கிறார்கள்.

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்றான். ஆனால் அந்தப் போனை நான் யாருக்கும் தெரியாமல் செய்யவில்லை, தங்கை வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேதான் செய்தேன். அதனால் இங்கேயும் எழுதி வைக்கிறேன். தப்பு அவனுடையது இல்லை. எங்கள் வீட்டுடையது.

மூடி வைத்தால் ஈரம் வராது என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். உள்ளே ஏற்கனவே இருக்கிற ஈரத்தை மறந்துவிடுகிறோம். பட்டு ஒரு புரத இழை, நம் தலைமுடி மாதிரி. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஆனால் தொட்டால் உலர்ந்ததாகவே தெரியும். உலர்ந்த பட்டின் எடையில் 11 சதவீதம் ஈரம் இருப்பது இயல்பு என்று வியாபாரத்தில் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு புடவையில் ஜரிகையைத் தள்ளிவிட்டு அரைக் கிலோ பட்டு என்று வையுங்கள். அதில் ஏறக்குறைய 50 கிராம் தண்ணீர் எப்போதும் இருக்கிறது. இது நல்ல நாளில் இருக்கிற ஈரம். கட்டி அவிழ்த்த புடவையில் வேர்வையும் சேரும். அதை அப்படியே பிளாஸ்டிக்கில் போட்டால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? பகலில் சூடு ஏறினால் பட்டிலிருந்து உறைக்குள் இருக்கும் காற்றுக்கு வரும். ராத்திரி பீரோவின் இரும்புத் தகடு குளிர்ந்தால் உறையின் உட்புறத்தில் படிந்து திரும்பப் புடவைக்கே போகும். தினமும் இதே கதை. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று 30 கிராம் அளவுக்கு நீராவியைத் தாங்கும். 20 டிகிரிக்கு இறங்கினால் 17 கிராம்தான் தாங்கும். மீதி எங்காவது தண்ணீராக இறங்கித்தான் ஆக வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் குளிர்ந்த தண்ணீர் டம்ளரை மேசையில் வைத்து உங்களுக்குக் காட்டியது இதைத்தான். டம்ளர் ஓட்டையா என்று கேட்டவன் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது, பெயர் சொல்ல மாட்டேன்.

பாச்சா உருண்டை பூச்சியைத்தான் விரட்டும். பூசணத்தை ஒன்றும் செய்யாது. ஜரிகைமேல் நேரடியாகப் படும்படி அதைப் போடவே கூடாது. இன்னொன்று: ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பச்சைக் குழந்தைகளுக்கு பாச்சா உருண்டையின் நெடி ரத்த அணுக்களைச் சிதைத்துவிடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். வளைகாப்புப் புடவையைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அப்படியானால் பீரோவைத் திறந்தே வைத்துவிடலாமா சார்?" என்று கேட்பீர்கள். அங்கேதான் நானும் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். காற்றாட வையுங்கள் என்பேன். எந்தக் காற்று என்று சொன்னதில்லை. சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருக்கும் நம் பள்ளி மாணவன் ஒருவன் போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோதுதான் எனக்கு இது தெளிந்தது. கப்பலின் சரக்கு அறையை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமாம். வெப்பமான துறைமுகத்தில் ஏற்றிய சரக்கோடு குளிர்ந்த கடலுக்குப் போனால் கப்பலின் இரும்பு மேல்தளம் உள்பக்கம் வேர்த்து, மூட்டைகள்மேல் மழை மாதிரி சொட்டும். அப்போது வெளிக்காற்றை உள்ளே விட வேண்டும். குளிர்ந்த சரக்கோடு வெப்பமான ஈரக் கடலுக்குள் வந்தால் நேர்மாறு. திறந்தால் போச்சு, வெளி ஈரம் எல்லாம் வந்து சரக்கின்மேலேயே படியும். உள்ளே இருக்கும் காற்றைவிட வெளிக்காற்றில் ஈரம் குறைவாக இருந்தால்தான் திறக்க வேண்டும். தார்ப்பாய் போட்டு மூடி நிறுத்துகிற சின்னப் படகுக்கும் இதே கதைதான் என்றான். மழை புகாமல் இறுக்கிக் கட்டிய படகுதான் உள்ளே பூசணம் பூத்துக் கிடக்கும். பாயை ஒரு முட்டுமேல் தூக்கி, இரண்டு முனையிலும் காற்றுக்கு வழி விட்ட படகு தப்பிக்கும்.

இதை நம் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட சாயங்காலம் பீரோவைத் திறந்து வைத்தால், ஊரில் உள்ள ஈரத்தையெல்லாம் புடவைக்கு விருந்து வைக்கிறோம் என்று அர்த்தம். அப்போது மூடியே இருக்கட்டும். தை பாதிக்கு மேல், மாசியில், வெயில் ஏறிய பிறகு பகல் பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் எடுங்கள். நேர் வெயில் வேண்டாம், சாயம் போகும். நிழலில், கொடியில் ஒரு துண்டு விரித்து அதன்மேல் போடுங்கள். என் அம்மா தை கழிந்ததும் டிரங்குப் பெட்டியைக் காலி செய்து திண்ணையில் உலர்த்துவார். எதற்கு என்று கேட்டால் "வருஷா வருஷம் செய்யறது" என்பார், அவ்வளவுதான். காரணம் தெரியாமலேயே சரியான மாதத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மழைக்கால மாலையில் நான் பீரோவைத் திறந்து வைத்ததைப் பார்த்திருந்தால் திட்டியிருப்பார்.

உலர்த்திய பின் மடிப்பை மாற்றி மடியுங்கள், ஜரிகை உள்பக்கம் போகும்படி. பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். அந்த வேட்டியில் கஞ்சி இருக்கக் கூடாது, இது முக்கியம். கஞ்சி என்பது அரிசி மாவு. பூசணத்துக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. சிலர் ஆரணி அரிசிதானே என்று துணிமூட்டையில் அரிசி கட்டிப் போடுகிறார்கள். ஈரத்துக்குப் பதில் வண்டு வரும். சாக்பீஸ் போடலாமா என்று என்னிடமே கேட்டார்கள். மழைக்காலத்தில் நமுத்துப்போன சாக்பீஸால் ஓதம் காத்த கரும்பலகையில் எழுதிப் பார்த்தவன் நான். அது குடிக்கிற ஈரம் ரொம்பக் கொஞ்சம், சீக்கிரமே நிறைந்துவிடும். சிலிகா ஜெல் பொட்டலம் பரவாயில்லை, ஆனால் அதையும் அவ்வப்போது காய வைத்தால்தான் வேலை செய்யும். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். அது எல்லாப் பொட்டலத்தையும்விட நன்றாக வேலை செய்யும், செலவும் கிடையாது.

பூசணம் வந்தே விட்டது என்றால் ஈரத் துணியால் துடைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், எலுமிச்சையோ புளியோ ஜரிகையில் தேய்க்காதீர்கள். வீட்டுக்குள் உதறவும் வேண்டாம், அந்தத் தூள் மூச்சில் போகும். முகக்கவசம் கட்டிக்கொண்டு, வெளியே நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு மிருதுவான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். மீதியைத் தெரிந்த உலர்சலவைக்காரரிடம் விடுங்கள். கறுத்த ஜரிகையின் கதை வேறு. நல்ல ஜரிகை என்பது பட்டு நூல்மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. முலாம் தேய்ந்த இடத்தில் வெள்ளி காற்றில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கும். ஈரமும் வேர்வையும் இருந்தால் வேகமாகக் கறுக்கும். அதைத் தேய்த்தால் மிச்ச முலாமும் போகும்.

இதுவரை நம் வீட்டுக் கதை. திண்ணையில் புடவையை மடித்துக்கொண்டே அவன் இன்னொன்றும் சொன்னான். இந்தப் பதிவை எழுத வைத்தது அதுதான். "சார், இந்தப் புடவை சரி. ஆனா தறியிலேயே பிடிக்கறதும் உண்டு. அதுக்கும் எங்க கூலியிலதான் பிடிக்கறாங்க."

குழித்தறியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிப்பார். நெய்த துணி படைமரத்தில் சுற்றிக்கொண்டே வரும், அவர் மடிக்கு நேராக, குழிக்கு மேலே. மழைக்காலத்தில் அந்தக் குழி மண் ஈரத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். கமண்டல நாக நதியில் தண்ணீர் வந்தால் ஊருக்கே சந்தோஷம், தறிக் குழியில் ஊற்று வந்தால் ஒரு வீட்டுக்கு வேலை போச்சு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது நம் மாவட்டமே தத்தளித்தது. மறுநாள் திருவண்ணாமலை மலையில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. அந்தத் துக்கத்துக்கு நடுவே தறிக் குழியில் நின்ற தண்ணீரைப் பற்றி யார் பேசுவார்கள்? வாளியால் இறைத்து, சாக்கு விரித்து, குழி காய்வதற்கு வாரக்கணக்கில் காத்திருந்ததாக இவன் சொன்னான். பாவு தளர்ந்துவிடும், ஜக்கார்டு அட்டை ஊறி உப்பி ஊசி சரியாக விழாது, டிசைன் தப்பும். படைமரத்தில் ஏற்கனவே சுற்றியிருந்த துணிமேல் பாலிதீன் கவரைப் போட்டு இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறான். பத்து நாள் கழித்துப் பிரித்தால் சிவப்புப் பட்டில் சாம்பல் புள்ளி. அவனும் என் தங்கை வீடு செய்ததையேதான் செய்திருக்கிறான். நான் அதைச் சொன்னதும் சிரித்துவிட்டான்.

அந்தப் புடவைக்குக் கூலியில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டார்கள். யார் என்று எழுத மாட்டேன், அவனுக்கு அடுத்த பாவு வேண்டும்.

இதைவிட எனக்கு மனசு ஆறாதது எடைக் கணக்கு. முதலாளி பட்டு நூலை எடை போட்டுக் கொடுப்பார், புடவையை எடை போட்டு வாங்குவார். குறைந்தால் நெசவாளர் திருடினார் என்று பேச்சு வரும். கார்த்திகை ஈரத்தில் ஒன்றரைக் கிலோ நூல் வாங்கி, மாசிக் காய்ச்சலில் புடவையைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஈரம் ஐந்து சதவீதம் குறைந்தாலே 75 கிராம் காணாமல் போகும். யாரும் எடுக்கவில்லை, காற்று எடுத்துக்கொண்டது. இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. பிரான்சில் லியோன் என்று ஒரு பட்டு நகரம் இருக்கிறது. 1805-லேயே அங்கே பட்டின் ஈரத்தை அளந்து எடைச் சான்று கொடுக்க அரசாணையின்படி ஒரு நிலையம் ஏற்படுத்தினார்கள். மாதிரி நூலை அடுப்பில் முழுக்க உலர்த்தி எடை போட்டு, அதோடு 11 சதவீதம் சேர்த்தால் வருவதுதான் நியாயமான எடை. நான் மேலே சொன்ன அந்த 11 இதே கணக்குதான். இருநூறு வருடத்துக்கு முன் வியாபாரிகள் தங்களுக்குள் ஏமாறாமல் இருக்கச் செய்துகொண்ட ஏற்பாடு, கூலிக்கு நெய்கிறவருக்கு ஏன் கிடைக்கக் கூடாது? அடுப்பெல்லாம் வேண்டாம். சில நூறு ரூபாயில் ஈரப்பதமானி கிடைக்கிறது. தராசு பக்கத்தில் அதை மாட்டி, நூல் கொடுக்கும் நாளிலும் புடவை வாங்கும் நாளிலும் எடையோடு அன்றைய ஈரப்பதத்தையும் அட்டையில் எழுதினால் பாதிச் சண்டை தீரும். என் மாணவர்களில் பட்டு வியாபாரம் செய்கிறவர்கள் நாலைந்து பேராவது இதைப் படிப்பீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, எழுதத்தான் வேண்டும்.

குழிக்கும் வழி இருக்கிறது. முன்பெல்லாம் மழைக்காலத்தில் குழிக்குள் கரி அடுப்பு வைத்துக் காய வைப்பார்கள். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து, வேண்டவே வேண்டாம். கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 2023-ல் 300 யூனிட்டாக உயர்த்தினார்கள். 40 வாட் எக்ஸாஸ்ட் விசிறி தினமும் 10 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட்தான். குழியின் காற்றை வெளியே இழுக்க அது போதும், ஆனால் கப்பல்காரன் சொன்ன விதியோடு, மழை கொட்டும்போது இல்லை. குழியைச் சிமெண்ட் பூசி, தரையைவிட உயர்த்திக் கட்டும் தறிகளும் இருக்கின்றன. தறிக்கும் துணைக் கருவிகளுக்கும் விலையில் 90 சதவீதம் மத்திய அரசு கொடுக்கிற 'ஹத்கர்கா சம்வர்தன் சகாயதா' என்ற திட்டம் உண்டு. பெயரை வாயில் நுழைத்துக் கேட்பதற்குள் பாதிப் பேர் திரும்பி வந்துவிடுகிறார்கள். காஞ்சிபுரம் நெசவாளர் சேவை மையத்தில் விவரம் கேட்கலாம். மனு எழுதத் தெரியாதவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை?

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல்லாயிரம் ரூபாய் புடவையைப் பளபளக்கிற பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுக்கிறீர்கள். அதிலும் அந்த மெத்தென்ற பிவிசி உறை நாள்படப் புடவைக்கு விஷம். நம் ஊர்ப் பருத்தித் துணியில் ஒரு பை தைத்து, "வேர்வை காயாமல் மடிக்காதீர்கள்" என்று ஒரு சீட்டு வைத்துக் கொடுத்தால் என்ன செலவாகிவிடும்? வாங்குகிறவர்கள் கேளுங்கள். கேட்டால் தருவார்கள். உறை பளபளக்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்வதும் நாமேதான்.

தங்கை மகளின் புடவையில் பூசணம் போய்விட்டது. இடுப்புப் பக்கம் ஒரு மங்கல் நிற்கிறது, சொருகினால் தெரியாது. முந்தானை ஜரிகையை அப்படியே விடு என்று அவன் சொல்லிவிட்டான். வளைகாப்புக்கு அதையே கட்டிக்கொண்டாள். அவனும் மனைவியோடு வந்து வளையல் போட்டுவிட்டுப் போனான். அவள் அவனிடம், "அண்ணா, நான் மாமாகிட்ட அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். "புடவையை இன்னைக்கு ராத்திரியே மடிச்சு வச்சிடாதம்மா" என்றான் அவன்.